டீ அறைக்கு வந்த மூன்று மிஷின்கள்

நவம்பர் 2, ஞாயிறு
ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் கிளமென்ட் பிடித்துக்கொண்டார். "இன்னாபா தியோடரு, திருப்பதி ஆபீசுல இன்னா வேல பாக்கற?" கம்ப்யூட்டர் டிபார்ட்மென்ட் என்றேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது. நான் அங்கே டீ போடுகிறவன். என் மனைவி ஞானசௌந்தரி பக்கத்தில்தான் நின்றிருந்தாள். வீட்டுக்கு வந்ததும், "கம்ப்யூட்டர் சார், போய் தண்ணி புடிங்க" என்றாள்.

நவம்பர் 5
பொய் பலித்துவிட்டது. வெளியே வாடகைக்கு எடுத்திருந்த கம்ப்யூட்டர் சர்வரை விட்டுவிட்டு, முதலாளி சிரஞ்சீவி சொந்தமாக மூன்று வாங்கிவிட்டார். பூட்டுப் போடுகிற அறை என் டீ அறை ஒன்றுதான். அவற்றுக்கு ஏசி மாட்டினார்கள். இத்தனை வருஷம் அங்கே வெந்தேனே, ஒரு ஃபேன் மாட்டினார்களா? நானும் கெட்டிலும் படிக்கட்டுக்கு அடியில்.
பிளக் பாயிண்ட் போதவில்லை. மிஷின்களைப் பொருத்துகிற ரகு, "அண்ணா, உங்க ஜங்ஷன் பாக்ஸ் ரெண்டு நாளைக்குக் குடுங்க" என்றான். வீட்டிலிருந்து நான் கொண்டுவந்தது. மூன்றையும் அதில்தான் சொருகினான்.

நவம்பர் 11
ரகு விளக்கினான். வேலைகளைத் தனித்தனி டப்பாவாகக் கட்டி மூன்று மிஷினுக்கும் பங்கு போடுவதாம். மேஸ்திரி மாதிரி ஒன்று மேலே இருந்து பார்த்துக்கொள்ளுமாம். பெயர் சொன்னான், வாயில் நுழையவில்லை.
"ஒண்ணு படுத்துக்கினா, மத்த ரெண்டும் அது வேலைய இழுத்துக்கும்ணா. வெளிய யாருக்கும் தெரியாது."
"எங்க ஊட்டுல நான் படுத்தா அவளும் படுத்துக்குவா" என்றேன். சிரித்தான்.

நவம்பர் 18
காய்ச்சல்.

நவம்பர் 21
இன்றுதான் போனேன். "நான் இல்லாம தவிச்சிட்டீங்களா?" என்று சீண்டினேன். கணக்குப் பார்க்கிற சுஷ்மிதா நிமிரவே இல்லை. "கீழ கடைக்கு போன் போட்டோம்ணா, கொண்டாந்துட்டாங்க. நல்லாதான் இருந்துச்சு."
நல்லாதான் இருந்துச்சாம். படுத்தவன் நான். இழுத்துக்கினவன் எவனோ. யாருக்கும் தெரியல — இன்னாத்துக்கு அவசரமா எழுந்து ஓடினேன்?

நவம்பர் 28
சிரஞ்சீவி கூப்பிட்டார். "தியோடர் காரு, நாளையோட போதும். உங்க சாமான் ஒண்ணு விடாம எடுத்துக்கினு போயிடுங்க." காரு போட்டு மரியாதையாகத்தான் சொன்னார். நானும் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். பழக்கம்.
ஞானசௌந்தரிக்கு இன்னும் சொல்லவில்லை.

நவம்பர் 29
ஒன்று விடாமல் எடுத்தேன். கெட்டில், வடிகட்டி, டம்ளர்கள், மிஷின்கள் சொருகியிருந்த என் ஜங்ஷன் பாக்ஸ். வீட்டுக்குப் போகிற சித்தூர் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தது. ரகு விடாமல் போன் அடித்தான். இரண்டு கையிலும் சாமான்.