கழித்த வளையங்கள்

மெட்ராஸ்,
4.3.1991

அன்புள்ள லூர்து அக்காவுக்கு,

சுப்பராயன் எழுதுவது. நலம்தானே? முழங்கால் வலி எப்படி இருக்கிறது? பென்னலூர் பாக்டரிக்கு நேரில் வந்து சொல்ல நினைத்தேன்; இங்கே ஆபீஸ் வேலை விடவில்லை.

நான்கு வருஷமாக நம் பிரேக் ரப்பர் வளையம் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை என்றுதானே போன வாரம் லாரி கம்பெனியார் கேடயம் கொடுத்தார்கள்? "பழுதே இல்லாதப்போ, பார்த்துக்கினு உக்கார அஞ்சு பேரு எதுக்கு சார்?" என்கிறார் மேனேஜர் பலராமன். எனக்கும் சரியென்றே படுகிறது. உங்கள் செக்கிங் பிரிவை இந்த மாதத்தோடு நிறுத்துகிறோம். வருத்தப்படாதீர்கள்.

அன்புத் தம்பி,
சுப்பராயன்

பென்னலூர்,
11.3.1991

அன்புள்ள தம்பிக்கு,

மாதா புண்ணியத்தில் நலம். செந்தாமரையையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

தினமும் ஒரு கூடை வளையத்தை நாங்கள் கழிக்கிறோம். விரலில் வைத்து உருட்டினால்தான் வெடிப்பு தெரியும். கழிப்பதால்தான் ஒன்றும் திரும்பி வரவில்லை. அதையே காரணமாக்கி எங்களை அனுப்புகிறாயே.

கேடயம் கொடுத்த விழா அன்று பலராமன், "போட்டோ எடுக்கறாங்க, நீங்க உள்ளயே இருங்கம்மா" என்றார். இருந்தோம். கைதட்டல் கேட்டது. உனக்குத்தானே என்று நானும் தட்டினேன்.

எனக்காகக் கேட்கவில்லை. கங்கம்மாளை மட்டுமாவது வைத்துக்கொள். அவள் விரலுக்கு எதுவும் தப்பாது. ஒருவர்கூடப் பார்க்காமல் சரக்கை அனுப்பாதே.

உன் அக்கா,
லூர்தம்மாள்

மெட்ராஸ்,
9.8.1991

அன்புள்ள அக்காவுக்கு,

உங்களுக்குப் பதில் போடாதது என் தப்பு. இப்போது உங்களை விட்டால் எனக்கு ஆளில்லை.

ஜூன் மாதம் போன சரக்கில் வெடிப்பு. பிரேக் பிடிக்காமல் ஒரு லாரி கவிழ்ந்து, டிரைவருக்கு ஒரு கால் போய்விட்டது. சரக்கைப் பார்த்து அனுப்பியது யார் என்று லாரி கம்பெனியார் கேட்கிறார்கள். செக்கிங்கே இல்லை என்று தெரிந்தால் நம் கம்பெனியை மூட வேண்டியதுதான். பார்த்தது நீங்கள்தான் என்று பலராமன் உங்கள் பெயரை எழுதியிருக்கிறார். வயதானவர், கண் தவறிவிட்டது என்று விட்டுவிடுவார்கள். இத்துடன் உள்ள தாளில் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். ஐந்து பேரும் உடனே வேலைக்கு வந்துவிடுங்கள்.

உங்கள் தம்பி,
சுப்பராயன்

பென்னலூர்,
16.8.1991

திரு. சுப்பராயன் அவர்களுக்கு,

அந்த டிரைவரின் பெயர் என்ன? எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறார்? நீங்கள் எழுதவில்லை. உங்களுக்கே தெரியாதோ என்னவோ.

எட்டு வருஷத்தில் கம்பெனித் தாளில் என் பெயரைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. கங்கம்மாள் படித்துவிட்டு, "இன்னாக்கா, கால ஒடிச்சவ நீதான்னு எழுதிகீறாங்க" என்று அழுதாள்.

நான் கையெழுத்துப் போடவில்லை. முந்தாநாள் அவளோடு லாரி கம்பெனிக்கே போனேன். ஏப்ரல் முதல் உங்கள் சரக்கை யாரும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். அங்கே ஓர் அதிகாரி நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். "இத்தனை வருஷம் பார்த்தது நீங்களாம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

வேலைக்கு வரமாட்டோம். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு செருப்புக் கம்பெனியில் ஐந்து பேரும் சேர்ந்திருக்கிறோம். அங்கேயும் செக்கிங்தான். அங்கேயும் இதுவரை யாரும் பெயர் கேட்கவில்லை.

இப்படிக்கு,
அ. லூர்தம்மாள்