உருக்காலைப் பெட்டி

அன்புள்ள மகளே,

எழுத்து கோணலாக இருக்கிறதே என்று பயப்படாதே. இடது கையால் எழுதுகிறேன்.

ஞாயிறன்று உன் புருஷன் வந்தான். "அவ எங்க ஒளிஞ்சிருக்கா, கிழவா?" என்று கத்தினான். என் பொம்மை ரயில் பாதையோரம் வைக்க ஓஹியோ மாநிலம் முழுக்கத் தேடிச் சேர்த்த குட்டித் தொழிற்சாலை மாதிரிகளைப் பெட்டி பெட்டியாக மிதித்து நொறுக்கினான். மாவு ஆலை போயிற்று, சிமெண்ட் ஆலை போயிற்று. கடைசியில் உருக்காலைப் பெட்டியைத் தூக்கிக் காட்டினான்.

"இதுக்காக எத்தன வருஷம் நாயா அலஞ்ச? எடத்தச் சொல்லு, இத விட்டுடறேன்."

அதைப் பிடுங்கி நானே மிதித்தேன். அப்புறம்தான் அவன் சுத்தியலை எடுத்தான்.

பக்கத்து வீட்டு வாண்டா போலீஸைக் கூப்பிட்டாள். அவனுக்கு ஜாமீன் கிடையாதாம். கை அவ்வளவாக வலிக்கவில்லை.

இனி நீ ஜன்னல் திரையை விலக்கி வைக்கலாம்.

உன் அப்பா