சீட் கம்பிக்குக் கிரீஸ் ஆகாது

ஏங்க,

சைக்கிள்லயே வேலைக்குக் கிளம்பிட்டேன். "மலிவு கார்பன் ஃபிரேமு, தெருமுனை தாண்டாது"ன்னு சொன்னீங்களே, அதேதான். தெருமுனையைத் தாண்டி ரெண்டு சுத்து சுத்திட்டு வந்துதான் இதை எழுதுறேன். ஒரு கையால தூக்கி மாடிப்படி ஏறிடலாம், அவ்வளவு லேசு. ஒவ்வொரு சாமானையும் தேடிப் பிடிச்சு நானே பூட்டினது.

நேத்து உட்கார உட்கார சீட் கீழ இறங்கிச்சே, நீங்களும் "ஃபிரேம் சரியில்லை"ன்னீங்களே, நானும் வெடுக்குன்னு பேசிட்டேனே, காரணம் இன்னைக்குத்தான் பிடிபட்டுச்சு. சீட் கம்பியை உருவினா பூரா கிரீஸ். உங்க லாரிப் பட்டறை கிரீஸ். யார் கைன்னு நான் கேட்கவே வேண்டாம். கார்பன் கம்பிக்குக் கிரீஸ் ஆகாதுங்க, வழுக்கிடும். மணல் மாதிரி நறநறன்னு ஒரு பசை இருக்கு, அதைத்தான் போடணும். கிரீஸைத் துடைச்சுட்டு அந்தப் பசையைப் போட்டேன். இப்போ அசையலை.

சாப்பாடு அடுப்பு மேல மூடி இருக்கு. வெளிய போனா சாவியைப் பக்கத்து வீட்டு அக்காகிட்ட குடுத்துடுங்க. சாயங்காலம் என் தம்பி வருவான். "மலிவு"ன்னு ஆரம்பிக்காம, உன் அக்கா தனியா பூட்டினதுன்னு மட்டும் சொல்லுங்க.

கோபம் இல்லை. சொல்லாம கொள்ளாம நல்லது பண்ணத்தானே பார்த்தீங்க.

இன்னொண்ணு. பெடலையும் கழட்டிப் பார்த்தேன். மரையில பூசியிருக்கீங்க. அங்க கிரீஸ் வேணும், நான்தான் மறந்துட்டேன். அதைத் துடைக்கலை. தம்பிகிட்ட சொல்றப்போ, பெடல் மட்டும் நீங்கன்னு சேர்த்துக்கோங்க.