அண்ணன் சொல்றார்

பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணிக்கு,

நலமா? போனில் பேசினால், "சரி தம்பி, உடம்பைப் பாத்துக்கோ" என்று சட்டென்று வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம். இதிலிருந்து தப்ப முடியாது பாருங்கள்.

ஒரு நல்ல செய்தி. அண்ணன் போன பிறகு எங்கள் டிசைன் அறை எப்படிக் கிடந்தது என்று உங்களுக்குத் தெரியும். பாட்டிலும் மூடியும் செய்கிற கம்பெனிக்குப் புது யோசனை எதற்கு என்று வெளியில் கேட்பார்கள். யோசனை வற்றிப்போனால் என்ன ஆகும் என்பதை நாங்கள்தான் பார்த்தோம். அவர் இடத்தை எனக்குக் கொடுத்தார்கள். எனக்கு அதில் உட்கார மனம் வரவில்லை. நாற்காலியை மேஜையோரம் அப்படியே விட்டுவிட்டுப் பழைய இடத்திலேயே இருந்தேன். மாதக்கணக்கில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு டீ குடித்ததுதான் மிச்சம்.

போன மாதம் மருந்து பாட்டில் மூடி பற்றிக் கூட்டம். யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. நான் எரிச்சலில் அந்தக் காலி நாற்காலியைப் பார்த்து, "அண்ணே, நீங்களாவது சொல்லுங்களேன்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் எங்கள் படம் வரைகிறவர், "அண்ணன் இருந்தா, கண்ணை மூடிக்கிட்டு பாட்டிலை மூடிப் பாருங்கடான்னு சொல்லியிருப்பார்" என்றார். மூடிப் பார்த்தோம். சரியாக மூடிவிட்டதா என்று கைக்குத் தெரியவே இல்லை. சின்னதாக 'டக்' என்று ஒரு சத்தம் வரவேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது. முதலாளி என்னைத் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

இப்போது ஒவ்வொரு கூட்டத்துக்கும் முதலில் அண்ணனின் நாற்காலியை இழுத்துப் போடுகிறோம். யாருக்கு எது தோன்றினாலும், "அண்ணன் சொல்றார்" என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். அசட்டுத்தனமாக இருந்தாலும் யாருக்கும் வெட்கமில்லை, பழி அவர்மேல்தானே! யோசனை கொட்டுகிறது.

அவர் எங்கேயும் போகவில்லை அண்ணி. இங்கேதான் இருக்கிறார்.

உங்கள் அன்புத் தம்பி

•

பிப்ரவரி 21

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று கேட்காதே. சந்தோஷமாகத்தான் இருந்தது. கோபமும் வந்தது. உங்கள் அறையில் அவ்வளவு பேசுகிறவர் இங்கே முணுமுணுக்கக்கூட இல்லை. அன்று காலையில் இந்த வாசலில் இறங்கிப் போனவர் உங்கள் மேஜையில்தானே சாய்ந்தார். அதனால் அங்கேயே தங்கிவிட்டாரோ என்னவோ. இருக்கும்போதும் அப்படித்தான். யோசனையெல்லாம் ஆபீசுக்கு, கொட்டாவியெல்லாம் எனக்கு.

இன்னும் எதைக் காட்டினாலும், "இது சரி, இன்னொண்ணு?" என்றுதான் கேட்கிறாரா? எனக்குப் புடவை எடுக்க வந்தாலும் அதே பாட்டுதான். கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

மகளுக்கு ஜூலையில் குழந்தை பிறக்கப்போகிறது. இந்த வீட்டைக் காலி செய்துவிட்டு அவளோடேயே வந்துவிடச் சொல்கிறாள். "தனியா உக்காந்து என்னம்மா பண்ற?" என்கிறாள். அவருடைய சட்டைகளை இன்னும் வாரா வாரம் துவைத்து இஸ்திரி போட்டு மாட்டுகிறேன் என்று அவளிடம் எந்த வாயால் சொல்ல? வாடகை வீடு இது. நான் சாவியைக் கொடுத்தால் வேறு யாரோ வருவார்கள். அப்புறம் இவர் வந்து நின்றால் யாரைக் கேட்பார்?

சிரிக்காதே தம்பி. அடுத்த கூட்டத்தில் எனக்காக ஒரு வார்த்தை கேட்டு எழுது. நான் போகட்டுமா, இருக்கட்டுமா?

அன்புடன்,
அண்ணி

•

மார்ச் 6

அன்புள்ள அண்ணிக்கு,

நான் கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன்.

கூட்டம் முடிகிற நேரம். விளையாட்டுப் போலத்தான் ஆரம்பித்தேன். "அண்ணே, அண்ணி கேக்கறாங்க. போகட்டுமா, இருக்கட்டுமா?" அவ்வளவுதான். எங்கே, எதற்கு என்று எதுவும் சொல்லவில்லை. யாரும் சிரிக்கவில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை. நானே "போகட்டும்" என்று சொல்லி முடித்துவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

அதற்குள் எங்கள் மோல்டுக்காரர் பேசிவிட்டார். மூடிகளுக்கு அச்சு செய்கிறவர். அண்ணன் போன பிறகு வேலைக்கு வந்தவர், அவரைப் போட்டோவில்கூடப் பார்த்ததில்லை. "அண்ணன் சொல்றார்" என்றுகூட ஆரம்பிக்கவில்லை. நேராக, "இருக்கச் சொல்லு. பால்கனிக் கதவு அவ கைக்குத்தான் திறக்கும்" என்றார். சொல்லிவிட்டுத் தொண்டையைச் செருமினார். அது அண்ணனின் செருமல், எங்கள் எல்லாருக்கும் தெரியும். படம் வரைகிறவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

பிறகு மோல்டுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "தெரியல சார், சும்மா வாயில வந்துச்சு" என்கிறார். மனிதர் முகம் வெளுத்துப்போயிருந்தது.

அண்ணி, நான் உங்கள் வீட்டுக்கு எவ்வளவோ முறை வந்திருக்கிறேன். பால்கனிப் பக்கம் போனதில்லை. அந்தக் கதவு அப்படியா? எழுதுங்கள். இல்லை, எழுத வேண்டாம்.

உங்கள் தம்பி

•

மார்ச் 14

அன்புள்ள தம்பிக்கு,

அந்தக் கதவு இறங்கிப்போன கதவு. கைப்பிடியை லேசாகத் தூக்கி, இடுப்பால் ஒரு இடி இடிக்க வேண்டும். அவருக்கு அது கைவந்ததே இல்லை. "அதுக்கு உன்னைத்தான் தெரியும்" என்று என்னைக் கூப்பிடுவார்.

நான் இருக்கிறேன். மகளிடமும் சொல்லிவிட்டேன். அப்பா இருக்கச் சொன்னார் என்றேன். "உயிரோட இருந்தப்போ உன்கிட்ட எதையாவது கேட்டு முடிவு பண்ணியிருக்காராம்மா? இப்பவும் அவர் சொல்றதுதானா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டாள். அதன் பிறகு அவள் கூப்பிடவில்லை. பெற்ற பிள்ளை பேசாமல் இருப்பது நெஞ்சை அறுக்கிறது. ஆனாலும் பொழுது சாய்ந்தால் அந்தக் கதவைத் திறந்துவைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அவருக்கு வேறு ஏதாவது வேண்டுமா என்று கேள்.

அண்ணி

•

ஜூன் 18

அன்புள்ள அண்ணிக்கு,

இத்தனை நாள் எழுதாததற்குத் திட்டுங்கள். எழுதப் பயமாக இருந்தது.

இங்கே எல்லாம் மாறிவிட்டது. முதலில் யோசனை கொட்டுகிறது என்று எழுதினேன் இல்லையா? இப்போது எது சொன்னாலும், "அண்ணன் வேணாங்கறார்" என்கிறார்கள். மூடியின் நிறத்தை மாற்றலாமா? வேண்டாம். பாட்டிலின் கழுத்தைக் குறைக்கலாமா? இருக்கறதே போதும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே நம்பிச் சொல்கிறார்கள். முன்பு நாற்காலியை யாராவது இழுத்துப் போடுவோம். இப்போது நாங்கள் வருவதற்கு முன்பே அது மேஜையோடு ஒட்டிக் கிடக்கிறது. கூட்டுகிற அம்மாவைக் கேட்டேன். தான் தொடுவதே இல்லை என்கிறார்.

எனக்கு ஒரு யோசனை வந்தது அண்ணி. ரொம்ப நாளைக்குப் பிறகு, குளித்துக்கொண்டிருக்கும்போது. விரலில் வலு இல்லாதவர்கள் மூடியைத் திருக வேண்டாம், உள்ளங்கையை வைத்து அழுத்தினால் போதும், திறந்துகொள்ளும். ஈரத்தோடு ஓடிவந்து வரைந்து வைத்தேன். அவ்வளவு சந்தோஷம். நேற்றுக் கூட்டத்தில் வழக்கம்போல, "அண்ணன் சொல்றார்" என்று ஆரம்பித்தேன்.

மோல்டுக்காரர் தலை நிமிராமல், "நான் அப்படிச் சொல்லவே இல்லையேடா" என்றார்.

அவர் என்னை எப்போதும் சார் என்றுதான் கூப்பிடுவார். படத்தைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டேன். யாரும் அதைக் கேட்கவில்லை. இந்த மாதம் ஒன்றும் கொடுக்காவிட்டால் அறையையே மூடிவிடுவதாக முதலாளி சொல்லிவிட்டார். எனக்கு அவரை எதிர்த்துப் பேசத் தைரியமில்லை அண்ணி. முதலாளியைச் சொல்லவில்லை.

உங்கள் தம்பி

•

ஜூலை 3

அன்புள்ள தம்பிக்கு,

இதை மகள் வீட்டிலிருந்து எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த அன்றே மருமகனும் கூப்பிட்டார். நாள் இருக்கும்போதே வலி எடுத்துவிட்டது, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம் என்றார். அப்போதும் பார், முதலில் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? உனக்குப் போன் செய்து அவரைக் கேட்கச் சொல்லலாமா என்றுதான். அங்கே என் மகள் துடித்துக்கொண்டிருக்கிறாள், இங்கே நான் உத்தரவுக்குக் காத்திருக்கிறேன். என்மேலேயே எனக்கு அருவருப்பாகிவிட்டது.

கையில் உன் கடிதம் இருந்தது. 'இருக்கறதே போதும்' என்று நீ எழுதியிருந்ததைப் பார்த்தேன். நம் மனிதர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்திருக்குமா தம்பி? அது அவரா இல்லையா என்று நானும் யோசித்து யோசித்து அலுத்துப்போனேன். அவராகவே இருக்கட்டும். போனவருக்குப் புதிதாக எதுவும் வேண்டியதில்லை போலிருக்கிறது, விட்டது விட்டபடி இருந்தால் போதும். உனக்கு அப்படியில்லை. எனக்கும் அப்படியில்லை. பைக்குள் இருக்கும் படத்தை எடுத்து மேஜைமேல் விரி. அவர் பெயரை இழுக்காதே. நீ சொல்வதாகவே சொல். யாராவது செருமினால் செருமட்டும்.

நான் போய்ச் சேர்வதற்குள் குழந்தை பிறந்துவிட்டது. பேத்தி. மகள் இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. ஆனால் குழந்தையை என் மடியில்தான் கிடத்திவிட்டுத் தூங்குகிறாள். வீட்டுச் சாமான்களை ஒழித்துக் கொடுக்க மருமகனே போகப்போகிறார். நான் இனி அங்கே போவதாக இல்லை.

அன்று கிளம்பும்போது நடந்ததை உன்னிடம் மட்டும் சொல்கிறேன். கல்யாணமான நாளிலிருந்து, கடைத்தெருவுக்கு இறங்கினாலும் "போயிட்டு வரேங்க" என்று சொல்லிவிட்டுத்தான் இறங்குவேன். அவர் போன பிறகும் பூட்டும்போது அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்றைக்குப் பெட்டியோடு வாசலில் நின்றேன். உள்ளே பால்கனிக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. தூக்கி, இடித்து, நான் திறக்கிற மாதிரியே.

"போறேங்க" என்று சொல்லிவிட்டுப் பூட்டினேன்.

அன்புடன்,
அண்ணி