அரை லிட்டரிலேயே இருக்கட்டும்

மாமல்லபுரம்,
ஞாயிறு காலை.

அன்பு மகன் சுஹைபுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

பேத்தி இனாயா படுத்திருக்கும் அறைக்குள் நான் நுழையக் கூடாது என்று நீ துபாயிலிருந்து உத்தரவு போட்டது அநியாயம். என் போனையும் எடுப்பதில்லை. அதனால் எழுதி, படம் எடுத்து அனுப்புகிறேன்.

பிள்ளை மூன்று கிலோ ஆகிவிட்டாள். மூக்கில் மாட்டிய ஆக்சிஜன் குழாயை இன்னும் எடுக்கவில்லை. பால் குடிக்கும்போது மூச்சு வாங்குகிறது.

பிள்ளை பெற்ற நாற்பது நாள் ஆஸ்பத்திரியிலேயே கழிந்துவிட்டதென்று, வீட்டுக்கு வந்த அன்றே உன் அம்மா மருமகள் ஹனியாவுக்குத் தலைக்கு ஊற்றி, சாம்பிராணிச் சட்டியோடு வந்தாள். ஆக்சிஜன் ஓடும் அறைக்குள் நெருப்பு! சட்டியைப் பிடுங்கி வாசலில் கொட்டியது யார்? நான்தான். அதை உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அதன் பிறகு பிள்ளையின் நோயைப் பற்றித் தேடிப் படித்தேன். ஏழு மாதம் நிறையாமல் பிறந்த பிள்ளைக்கு நுரையீரலில் காற்றறைகள் சரியாகப் பிரிந்திருக்காது. உயிர் காக்கக் கொடுக்கும் ஆக்சிஜனே அளவு மீறினால், துரு இரும்பைத் தின்பதுபோல் செல்களைத் தின்னும். ரத்தக்குழாய்களை முளைக்கச் செய்யும் புரதம் குறையும். குழாய் முளைக்காத இடத்தில் காற்றறையும் பிரியாது. இதில் ஒரு வரி பொய்யில்லை. முப்பது வருஷம் கேஸ் வெல்டிங் செய்தவன் நான். ரெகுலேட்டர் என் கைக்குப் பழக்கம். நிமிடத்துக்கு அரை லிட்டர் ஓடிய ஆக்சிஜனைக் கால் லிட்டராக்கினேன்.

ஹனியா வந்து பார்த்தபோது பிள்ளையின் உதடு நீலம். "மாமா, இன்னா பண்ணீங்க?" என்றாள். திருப்பி வைக்க என் கை வரவில்லை. அவள்தான் வைத்தாள்.

நேற்று பிள்ளையின் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு செங்கல்பட்டு டாக்டரம்மாவைப் பார்த்தேன். "பெரியவரே, நீங்க படிச்சது பாதி. ஆக்சிஜன் கொறைஞ்சாலும் நுரையீரல் ரத்தக்குழாய் சுருங்கும், இதயம் தாங்காது" என்றார். அந்தப் பாதியை நான் படிக்கவில்லை.

இனி நடக்க வேண்டியது. டாக்டரம்மா சொல்லும்வரை அரை லிட்டரிலேயே இருக்கட்டும். கால் விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டர் தொண்ணூற்றிரண்டுக்குக் கீழே நின்றால் ஹனியா உடனே டாக்டருக்குப் போன் செய்யட்டும். உன் அம்மா வீட்டில் எங்கும் சாம்பிராணி, கொசுவத்தி கொளுத்தக் கூடாது; ஆக்சிஜன் பட்டால் எண்ணெயும் பற்றிக்கொள்ளும், அதனால் எண்ணெய்க் கையோடு ரெகுலேட்டரைத் தொடவும் கூடாது. புது சிலிண்டர் கொண்டுவருவது என் வேலை. நிலைப்படி வரைக்கும்தான் உருட்டி வருவேன்.

நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். கதவைச் சாத்தாமல் வைக்கச் சொல். நான் உள்ளே வரமாட்டேன். பிள்ளையின் நெஞ்சு ஏறி இறங்குவது நிலைப்படியிலிருந்தே தெரியும்.

அல்லாஹ் அவளுக்கு நிறைந்த மூச்சைத் தரட்டும்.

உன் அத்தா,
நூர்முகமது