உன் சாம்பல் கோழியும் புண்பட்ட குஞ்சும்

நாமகிரிப்பேட்டை
ஈசுவர வருடம், ஆவணி 14

தங்கவயலில் இருக்கும் மகள் உண்ணாமலைக்கு அப்பன் தீர்த்தகிரி ஆசி சொல்லி எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் சின்னவளும் அங்கே அப்படியே இருக்க வேண்டும். இங்கே இரண்டு மழை பெய்து சோளம் முழங்கால் உயரம் நிற்கிறது. நீ ஆசையாக விசாரித்திருந்த உன் சாம்பல் கோழி ஒன்பது குஞ்சு பொரித்தது. சந்தோஷமாக எழுத வேண்டிய சங்கதிதான், ஆனால் இந்தக் கொஞ்ச நாளாக அதைப் பார்த்தாலே எனக்குக் குமட்டுகிறது சாமி.

களத்தில் மேய்ந்துகொண்டிருந்தபோது காக்கை ஒன்று இருப்பதிலேயே சின்னக் குஞ்சைக் கவ்விக்கொண்டு எழும்பியது. கல்லை விட்டெறிந்து கத்தினேன், போட்டுவிட்டுப் போனது. வாலுக்கு மேலே தோல் கிழிந்து சதை செக்கச்செவேலென்று தெரிந்தது. உயிர் தப்பியதே என்று எடுத்துப்போய்த் தாயிடமே விட்டேன், அதுதான் நான் செய்த தப்பு. மற்ற எட்டும் சிவப்பைக் கண்டு சுற்றி நின்று கொத்தின. தாய் ஓடிவந்தது, விரட்டத்தான் வருகிறது என்று நினைத்தேன். அதுவும் குனிந்து ஒரு துணுக்குச் சதையைப் பிய்த்து விழுங்கிவிட்டு, அலகை மண்ணில் துடைத்துக்கொண்டது. கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்று சொல்லி வைத்தவன் இதைப் பார்க்கவில்லை.

தனியாகப் பிரித்து வைத்தால் கூட்டம் அதை மறந்துவிடும், பிறகு சேர்க்காது. அதனால் மற்றவை மேய்கிற இடத்திலேயே ஒரு கூடையைக் கவிழ்த்து அதற்குள் விட்டேன். கூடை இடுக்கில் அலகை நுழைத்துக் கொத்தப் பார்த்தனவே தவிர ஒன்றாவது பாவம் என்று நிற்கவில்லை. மூன்றாம் நாள் புண்ணில் புழு வைத்துவிட்டது. அந்த நாற்றத்தை எழுதவே கை கூசுகிறது. வேப்பெண்ணெயில் கற்பூரத்தைக் கரைத்து விட்டு, நெளிந்து மேலே வந்ததையெல்லாம் கருவேல முள்ளால் ஒவ்வொன்றாக எடுத்தேன். சீயக்காய் போட்டுத் தேய்த்தும் விரலில் வாடை போகவில்லை, இரண்டு நாள் கஞ்சியைக் கரண்டியால்தான் குடித்தேன். உன் அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஏனுங்க, இந்த நாத்தத்த ஊட்டு வாசல்ல வெச்சுக்கிட்டுச் சோறு எப்படிங்க எறங்கும்? கழுத்தத் திருகிப்போட்டுக் கை கழுவுங்க" என்று தினமும் சொன்னாள். எனக்கும் பாதி மனசு அதுதான். ஆனால் கூடையைத் தூக்கினால் அது கீச்சென்று என் உள்ளங்கைக்கு வந்து ஏறும், திருக முடியவில்லை.

பத்து நாளில் புண் காய்ந்தது. மிச்சமிருந்த சிவப்பு தெரியாமல் விளக்கெண்ணெயில் அடுப்புக்கரியைக் குழைத்துப் பூசி, அந்தியில் எல்லாம் அடைகிற நேரம் பார்த்துக் கூட்டத்துக்குள் விட்டேன். காலையில் அதுவும் ஒன்றாகச் சேர்ந்து நொய் பொறுக்கியது. எனக்கு ஏதோ சாதித்துவிட்டதுபோல இருந்தது.

முந்தாநாள் வேலி முள் குத்தி வேறொரு குஞ்சின் காலில் ரத்தம் வந்தது. முதலில் ஓடிப்போய்க் கொத்தியது எது என்கிறாய், நான் புழு எடுத்த அதேதான். எனக்கு வந்த ஆத்திரத்தில் கழுத்தோடு பிடித்துத் தூக்கிவிட்டேன். பழைய புண் இருந்த இடத்தில் பூனைமயிர்போலப் புது இறகு முளைத்திருந்தது, நெஞ்சு என் விரலுக்குள் படபடவென்று அடித்தது. கீழே விட்டேன். நேராக ரத்தம் சொட்டிய மண்ணைப் பொறுக்கத்தான் போனது. காறித் துப்பிவிட்டு உள்ளே வந்து பார்த்தால், உன் அம்மா கால் கிழிந்த குஞ்சை முந்தானையில் பொதிந்துகொண்டு, "கற்பூரம் எங்கீங்க வெச்சீங்க?" என்று கேட்கிறாள்.

குளிர் ஊரில் பச்சைத் தண்ணீர் குடிக்காதே, சின்னவளுக்குக் காதை மூடித் துணி கட்டு. தைக்கு மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்குமா என்று மறக்காமல் எழுது. நாமகிரித் தாயார் உங்கள் மூவரையும் ஒரு குறையும் இல்லாமல் காப்பாற்றட்டும்.

உன் அப்பன்
தீர்த்தகிரி