ஹாரன் ஏன் அடிக்கவில்லை

மக்கா,

இந்த மார்கழிக்கு மூணாறில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். காலையில் தலைக்கு எண்ணெய் வைக்கலாம் என்று பாட்டிலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டு இறங்கவில்லை. தேங்காயெண்ணெய் வெள்ளை வெளேரென்று உறைந்து கிடந்தது. குளிரில் அது உறையும் என்பது பச்சைப்பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். ஆனால் பாட்டிலைப் பிடித்தபடி நிற்கும்போது உன் மோட்டார் சைக்கிளின் ஹாரன் ஸ்விட்ச் நினைவுக்கு வந்தது. அப்படியே அடுப்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

நீ கண்ணை மூடிய பிறகும் உன்னோடு பேசாத நாள் கிடையாது. முக்கால்வாசி திட்டத்தான். இன்று திட்ட வாய் வரவில்லை.

அந்த வண்டியை நீ முதன்முதலாக ஓட்டிவந்தபோது சாலைக் கடைத்தெருவே வேடிக்கை பார்த்தது. தோட்டத்து வெள்ளைக்காரத் துரை சீமைக்குத் திரும்பும்போது விட்டுப்போன பழைய வண்டி. நாம் இருவரும் ஒரே தேயிலை மண்டியில் வேலை பார்த்தோம். நான் கடைக்குள்ளே தூள் நிறுத்துக் கட்டுகிறவன், நீ மலைக்குப் போய்ச் சாம்பிள் வாங்கி வருகிறவன். பஸ்ஸிலே போ என்று முதலாளி தலைபாடாக அடித்துக்கொண்டார். கேட்கிற ஆளா நீ? "பஸ்ஸுல போனா தூளுக்கு முன்னால நான் தூளாயிருவேன் மக்கா" என்றாய்.

எஞ்சின் ஒரு நாளும் மக்கர் பண்ணவில்லை. உன்னைப் படுத்தி எடுத்ததெல்லாம் ஹாண்டில்பாரில் இருந்த சின்ன ஹாரன் ஸ்விட்சுதான். வண்டியோடு வந்ததைக் கடல்காற்றும் இடவப்பாதி மழையுமாகச் சேர்ந்து தின்றுவிட்டன. பழவங்காடியில் வாங்கி மாட்டியது வெயிலில் விரிசல் விட்டது. நாகர்கோவிலிலிருந்து வரவழைத்ததன் ஸ்பிரிங் துருப்பிடித்துத் தெறித்தது. அப்புறம் பித்தளைப் பொத்தான் வைத்த ஒன்று அகப்பட்டது. அதிலும் பச்சைக் களிம்பு பிடிக்கத் தொடங்கியபோது, நம் ஊரில் எல்லாரும் செய்வதை நீயும் செய்தாய். இங்கே கதவுக் கீல் முனகினாலும் தேங்காயெண்ணெய், பூட்டு இறுகினாலும் தேங்காயெண்ணெய், தையல் மெஷினுக்கும் அதுதான். சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கு உட்காரும்போது ஸ்விட்சைக் கழற்றி அதற்குள்ளும் ததும்பத் ததும்ப விடுவாய். "அப்படியே சீயக்காயும் போட்டு விடுடே" என்று நான் கேலி பண்ணுவேன். ஆனால் அதற்குப் பிறகு அது மழையிலும் வெயிலிலும் கணீரென்று அடித்தது. கிழக்கேகோட்டையில் நீ திரும்பும்போதே, ஆள் வந்துவிட்டான் என்று மண்டிக்குள் எங்களுக்குத் தெரிந்துவிடும்.

வழக்கமாக மலையேறிய அன்றே சாயங்காலத்துக்குள் இறங்கிவிடுவாய். அந்த மார்கழியில் மட்டும், தூள் தயாராகவில்லை என்று மலைமேல் போனக்காட்டுத் தோட்டத்திலேயே தங்கினாய். வண்டி இரவெல்லாம் வெளியே பனியில் நின்றது. விடிந்ததும் புறப்பட்டு இறங்கினாய். வளைவில் மூடுபனி. கூடையோடு நடந்துகொண்டிருந்த ஒரு தோட்டத்துப் பெண்மேல் வண்டி மோதிவிட்டது. அடிவாரத்து வித்துராவுக்குக் கொண்டு வருவதற்குள் அவள் போய்விட்டாள்.

தகவல் தெரிந்து நான் அங்கே வந்து சேர்ந்தபோது உச்சிவெயில். சந்தைமுக்கில் வண்டியை நிறுத்தியிருந்தார்கள். உன் சட்டையெல்லாம் அவளுடைய ரத்தம். "வளைவுக்கு முன்னாலயே ஹாரனை அமுக்கினேன் மக்கா. அடிக்கலை. மறுபடியும் மறுபடியும் அமுக்கினேன், அடிக்கவே இல்லை" என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னாய். போலீஸ்காரர் போய்ப் பொத்தானை அமுக்கிப் பார்த்தார். சந்தையே திரும்பிப் பார்க்கிற மாதிரி அடித்தது.

"நல்லோணம் அடிக்குந்நுண்டல்லோ. பின்னெ எந்தினா கள்ளம் பறயுந்நே?"

நன்றாகத்தானே அடிக்கிறது, ஏன் பொய் சொல்கிறாய் என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டார். வண்டியிடம் போய் நீயே ஒருமுறை அமுக்கினாய். அடித்தது. உன் முகம் செத்துப்போனது அந்த நிமிஷத்தில்தான்.

மூடுபனியைக் காரணம் காட்டி வழக்கு ஒரு வழியாக முடிந்தது. சாலைக் கடைத்தெருவில் பேச்சு முடியவில்லை. ஒரு உயிரைக் கொன்றுவிட்டு ஹாரன்மேல் பழி போடுகிறான் பார் என்றார்கள். உன்னை மலைக்கு அனுப்புவதை முதலாளி நிறுத்தினார். நீயோ அந்த வண்டியில் ஏறவே இல்லை. ஏறாத வண்டிக்கு ஸ்விட்ச் தேடத் தொடங்கினாய். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

லீவு கிடைத்தால் கொல்லம், மதுரை என்று கிளம்பிவிடுவாய். எந்தக் கடையிலும் நீ கேட்டது ஒன்றே: "எப்ப அமுக்கினாலும் அடிக்கணும். அப்படி ஒண்ணு இருக்கா?" கொண்டுவந்ததை மாட்டுவாய், தண்ணீர் ஊற்றிப் பார்ப்பாய், உப்புத் தண்ணீரில் ஊறப்போடுவாய், பழுது கண்டால் வீசிவிட்டு அடுத்ததைத் தேடுவாய். உன் பெண்டாட்டி என்னிடம் வந்து, "அண்ணே, இவுகளுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சோ?" என்று அழுதாள். நான் உன்னிடம் கத்தினேன். "அந்தச் சனியனைத் தூக்கிப் பழைய இரும்புக்குப் போடுலே!" என்றேன். நீ அடுத்த ஸ்விட்சை மாட்டத் தொடங்கினாய்.

கடைசியில் விழிஞ்ஞத்தில், உடைத்துப் போட்ட ஒரு மோட்டார் படகிலிருந்து கிடைத்தது. கனத்த பித்தளை, மேலே ரப்பர் மூடி, உள்ளே ஒரு துளி தண்ணீர் போகாது. அதற்கு எண்ணெயே வேண்டியிருக்கவில்லை. மாட்டினாய். அதற்குப் பிறகு தினமும் காலையில் வாசலில் ஸ்டாண்டு போட்ட வண்டியில் அதை அமுக்குவாய். "எந்தா சாரே, ராவிலே தொடங்கியோ?" என்று பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் போடுவார். காலங்காத்தாலே ஆரம்பித்துவிட்டீர்களா என்று அவர் கேட்பதில் என்ன தப்பு? அது ஒரு நாளும் பிசகாமல் அடித்தது. அடிக்க அடிக்க உனக்குச் சந்தேகம்தான் கூடியது.

ஆஸ்பத்திரியில் மூச்சு வாங்கிக்கொண்டு படுத்திருந்தபோது என் கையைப் பிடித்தாய்.

"நான் அன்னைக்கு அமுக்கினேனா மக்கா?"

"அமுக்கினடே. நீதானே சொன்னே."

"சொன்னேன். அமுக்கினேனான்னுதான் கேக்கேன்."

அந்த வளைவில் நான் இல்லையே. அதே கேள்வியோடு போய்ச் சேர்ந்தாய்.

மூணாறில் அன்று மத்தியானம் மகளுடைய டார்ச்சைக் கேட்டு வாங்கினேன். அதன் ஸ்விட்சுக்குள் எண்ணெய் விட்டு, ராத்திரி வெளியே வைத்தேன். "அப்பா, ஒங்களுக்கு என்ன கிறுக்கா?" என்றாள். விடிந்ததும் எடுத்து அமுக்கினேன். எரியவில்லை. பொத்தானுக்குள் எண்ணெய் மெழுகாக இறுகிக் கிடந்தது. வெயிலில் கொண்டுபோய் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் இளகி வழிந்தது, டார்ச் எரிந்தது. நான் கிழவன், முற்றத்தில் நின்று வாய்விட்டு அழுதேன். நீ அமுக்கியிருக்கிறாய், மக்கா. மலைமேல் பனியில் அடிக்காதது வித்துரா வெயிலில் அடித்திருக்கிறது. நீ பொய் சொல்லவில்லை.

இதை உன்னிடம் சொல்ல முடியாது. செத்துப்போன அந்தப் பெண்ணின் ஆட்களிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று ஊருக்கு வந்ததும் போனக்காட்டுக்குப் போனேன். தொழிலாளிகள் குடியிருக்கும் லயத்தில் அவள் புருஷன் இருக்கிறான். பெயர் மாசானம், அம்பாசமுத்திரத்துப் பக்கத்து ஆள். கட்டிலை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லி, பால் விடாத கட்டன்சாயா கொடுத்தான். நான் எண்ணெய், குளிர், டார்ச் எல்லாம் சொல்லி முடித்தேன். "அவன் அமுக்கினாம்ப்பா. அதுதான் அடிக்கலை" என்றேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டான்.

"அமுக்கியிருப்பாரு, அண்ணாச்சி. நான் ஒண்ணும் இல்லைங்கலியே. ஆனா அடிச்சிருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காது. அவளுக்குக் காது கேக்காது."

"என்னப்பா சொல்லுதே?" என்றேன்.

"சின்னப் பிள்ளையில வந்த காய்ச்சல்ல போனது. கூப்பிடணும்னா பக்கத்துல போய்த் தோளைத் தொடணும்."

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கக் கூடாதாய்யா?" என்று கத்தியே விட்டேன்.

"எல்லாரும் ஹாரன் அடிச்சுதா, அடிக்கலையான்னுதானே கேட்டாக. அவளைப் பத்தி யாரு கேட்டா?"

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, வந்த வழியே நடந்தேன். அந்த வளைவு வந்தது. மூடுபனி இல்லை, வண்டி வாகனம் இல்லை. நின்றேன். உன்னை அத்தனை வருஷம் அரித்துத் தின்ற கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது, அந்தக் கேள்வியே வீண் என்பதும் தெரிந்துவிட்டது. இரண்டையும் வாங்கிக்கொள்ள நீ இல்லை. இவ்வளவு காலமும் அவளுக்கு ஒரு பெயர் உண்டு என்று உனக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. திரும்பிப் போய் மாசானத்திடம் கேட்டேன்.

பேச்சியம்மாள், மக்கா. அவள் பெயர் பேச்சியம்மாள்.